கிரகணப் படத்தில் இருந்த பசு

உறுவையாறு கிராமத்து அன்னாமேரிக்கு மாமியார் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. அதுதான் அவளுக்குக் கேடாக முடிந்தது, பாவம்.

எண்பதாம் வருஷம், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை. மத்தியானம் சூரிய கிரகணம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இந்து வீடு, வேதக்காரர் வீடு என்ற பேதமில்லாமல் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. தெருவில் ஒரு கோழிகூட இல்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அன்னாமேரி பாயில் சாய்ந்திருந்தாள். புருஷன் செபாஸ்டின் மில்லுக்குப் போயிருந்தான்.

மாமியார் அந்தோணி மேரிக்கு அப்போதுதான் ஆற்றில் கட்டியிருந்த ஒற்றைக்கொம்புப் பசு ஞாபகம் வந்தது.

"அய்யய்யோ, சினை மாடாச்சே! கிரகணத்துல நின்னா கன்னு ஊனமாப் பூடுமே. ஓட்டிக்கினு வாடி."

"நானும் புள்ளத்தாச்சிதானே அத்தே?"

"மாடு ஜெபம் சொல்லுமா? நீ அருள் நிறைந்த மரியே சொல்லிக்கினே போ. மாதா பாத்துக்குவா."

முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு போனாள். தண்ணீர் வற்றிய ஆறு, இக்கரையிலிருந்து அக்கரைவரை வெறும் மணல். வெயில் சாம்பல் பூத்துக் கிடந்தது. அண்ணாந்து பார்க்காமல், உதடு ஜெபத்தை முணுமுணுக்க, மாட்டை அவிழ்த்துக்கொண்டு திரும்பினாள். அக்கரையில் ஒருவர் கேமராவை நட்டு நின்றதை அவள் பார்க்கவில்லை.

அவர் வில்லியனூரில் ஸ்டூடியோ வைத்திருந்த சிராஜுதீன். மேலே நகக்கீற்றாகச் சூரியன், கீழே விரிந்த மணல், நடுவில் கரிய நிழலாக ஒரு பெண்ணும் பசுவும். படத்தைப் பெரிதாகப் போட்டு, அடியில் 'பாலைவனத்தில் கிரகணம்' என்று எழுதிக் கடை முகப்பில் மாட்டினார். அன்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா பாய், அரபு நாடா?"

"அப்டியே வெச்சுக்கயேன். டிக்கெட் காசு மிச்சம்தானே?"

ஈஸ்டர் முடிந்து அன்னாமேரிக்குப் பெண் பிறந்தது. மேலுதடு பிளந்திருந்தது. பால் குடிக்க முடியாமல் அழுத குழந்தைக்குக் கிரேஸ் மேரி என்று பெயர் வைத்தார்கள். "ஆத்துக்குப் போனத எம்மவங்கிட்ட மூச்சு வுடாத" என்று மாமியார் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அன்னாமேரி அதையும் கேட்டாள்.

மில் கார்டுக்குப் போட்டோ எடுக்கப் போன செபாஸ்டின் கடை முகப்பில் நின்றான். "அட, இது எங்க ஒத்தக்கொம்பு இல்ல!" என்று சிரித்தான். அப்புறம்தான் கயிற்றைப் பிடித்திருந்த நிழலின் வயிற்றைப் பார்த்தான்.

படத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவள் முன்னால் போட்டான்.

"ஊரே உள்ள அடங்கிக் கெடக்க, உனக்கு ஆத்துல இன்னாடி வேல?"

"அத்தே, நீங்களே சொல்லுங்க."

அந்தோணி மேரி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மாட்டைத்தான் பார்த்தாள்.

"மாட்ட ஓட்டியாரணும்னு சொன்னேன். பக்கத்து வூட்டுப் பசங்கள அனுப்புவான்னு நெனச்சேன். இவளே போவான்னு கனவா கண்டேன்?"

அன்னாமேரி மாமியாரின் வாயையே பார்த்தாள். ஞாயிறு தவறாமல் பூசையில் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கும் வாய்தான் அது. செபாஸ்டின் தாய் முகத்தைப் பார்த்தான்; அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் குழந்தையின் உதட்டுக்கு யாராவது ஒருத்தி பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெற்ற தாயைக் கேட்பதைவிடக் கட்டியவளைக் கேட்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் காலை செபாஸ்டின் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான், அபிஷேகப்பாக்கத்தில் அவள் தாய்வீட்டில் விட்டுவர. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அன்னாமேரி பின்னால் வந்தாள். கொட்டகை ஓரம் பசு கட்டியிருந்தது. போன வாரம் ஈன்ற கன்று மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு குறையுமில்லாத கன்று.

அவள் நின்றாள்.

"பாத்தீங்களா, ஜெபம் சொல்லாத மாடு நல்ல கன்னு போட்டிருக்குது."

"வாய மூடிக்கினு வா, பஸ்ஸு பூடும்" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.