பாதம் கழுவிய தண்ணீர்

பெரிய வியாழனன்று, ஆண்டவர் தம் சீடர்களின் பாதம் கழுவிய நினைவுச் சடங்குக்காகக் கோயிலில் உட்காரும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், இருந்த நாளில், கடற்கரையோரத்து எங்கள் சின்னக் கோயிலில் அதுதான் வழக்கம். மயிலாப்பூரிலிருந்து வரும் வெள்ளைக்காரப் பாதிரியார் மண்டியிட்டு, ஏற்கெனவே சுத்தமான காலில் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். பித்தளைத் தட்டில் விழும் தண்ணீர், கிணற்றில் இறைத்தபோது இருந்த தெளிவோடே இருக்கும். பூசை முடிந்ததும் பெண்கள் அதைச் சொம்பில் வாங்கிப்போய் வீடெல்லாம் தெளிப்பார்கள். காய்ச்சல்காரருக்கு ஒரு வாய் கொடுப்பதும் உண்டு.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஊருக்குள் இருப்பவர்கள். பாதிப்பேர் கோட்டைக்குத் துணி பிடித்துக் கொடுக்கும் தரகர்கள். ஏரிக்கு நடுவே பசியாவரம் தீவில் மீன்பிடிக்கும் எங்களில் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. எங்கள் ஆண்களுக்குச் சேற்றுக்கால்.

எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும்போது ஒரு தரகர் குடும்பத்தோடு நாகப்பட்டினம் போய்விட்டார். காலியான முக்காலிக்கு, பாதிரியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், என் அப்பாவை, நைனாவைச் சொன்னார். சொன்ன கையோடு அம்மாவிடம் ஒரு நிபந்தனையும் வைத்தார். "காலு சுத்தமா இருக்கணும்மா. கோயில்ல சேறு மிதிச்சா, அப்புறம் உங்க தீவுல ஒருத்தனையும் கூப்பிட முடியாது."

அம்மாவிடம் போய் சுத்தத்தைப் பற்றிச் சொன்னதுதான் ஆச்சரியம். ஒல்லாந்து வியாபாரி ஒருவர் வீட்டில் கல்படி தேய்க்கும் வேலை அவளுக்கு. மழை பெய்துகொண்டிருந்தாலும் அந்தப் படியைத் தேய்த்தாக வேண்டும் என்பது துரைசாணியின் கட்டளை. அவளிடம் கேட்டு ஒரு துண்டு சவுக்காரம் வாங்கிவந்தாள். புதன்கிழமை சாயங்காலம் நைனாவைக் கவிழ்த்த கூடையின்மேல் உட்காரவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தாள். குதிகால் வெடிப்புகளில் வருஷக்கணக்கில் தங்கியிருந்த ஏரிக் கறுப்பை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாள். நைனாவின் காலுக்கு அப்படியொரு நிறம் உண்டு என்பது எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகில் நின்று மோந்து பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, மறுபடியும் மாப்பிள்ளையா? இந்த வாசனைக்கு ஏரியில ஒரு மீனு நிக்காது."

"நீ போய் உன் மூஞ்சியக் கழுவு" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

சங்கடம் என்னவென்றால், மறுநாள் எங்கள் பாடு. ஏரியில் மீன் கிடைக்கும் இடத்தில் வலைபோட வீட்டுக்கு வீடு முறை உண்டு. அந்த முறைக்குப் பெயர் பாடு. தவறவிட்டால் ஊரெல்லாம் சுற்றி மறுபடி நம்மிடம் வரும்வரை கரையோரத்துப் பொடிமீன்தான். அம்மா போகவேண்டாம் என்றாள். "பாட்ட வுட்டுட்டு இன்னாத்தத் துன்றது? உச்சிக்குள்ள வந்துடுவேன்" என்று நைனா விடியுமுன் படகேறினார்.

பங்குனியில் ஏரித் தண்ணீர் வற்றிக் கிடக்கும். உச்சி தாண்டியும் அவர் வரவில்லை. அம்மாவும் நானும் வேறு படகில் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டோம்.

பதினொரு பேர் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி முக்காலி காலி. பாதிரியார் முதல் காலைக் கழுவத் தொடங்கியபோதுதான் நைனா வாசலில் வந்து நின்றார். படகு தரை தட்டி, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். முழங்கால்வரை கறுப்புச் சேறு, மேலே காய்ந்து வெடித்தும் கீழே ஈரமாகவும்.

உபதேசியார் கையை நீட்டி மறித்தார். "இப்டியேவா வர்றது? போப்பா, கழுவிட்டு வா."

கோயில் கிணற்றைச் சுற்றி நெருங்க முடியாத கூட்டம். நைனா திரும்பி வாசலுக்கு வெளியே இறங்கி நின்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பதினோராவது ஆளின் காலைத் துடைத்து முடித்த பாதிரியார் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே காலி முக்காலியின் முன்னால் நகர்ந்து காத்திருந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். இன்னும் சேற்றுக்காலோடு வெளியே நின்ற நைனாவைப் பார்த்து, "வா" என்றார்.

செங்கல் தரையில் கறுப்பு அடிகள் பதிய நைனா நடந்துவந்து உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீர் போதவில்லை, இரண்டாவது வந்தது. பாதிரியார் விரலிடுக்கில் விரலைவிட்டுச் சேற்றை வழித்தார். உள்ளங்காலில் குத்தியிருந்த கிளிஞ்சல் சில்லை நகத்தால் பிடுங்கினார். கொஞ்சம் ரத்தம் வந்தது. தோளில் கிடந்த வெள்ளைத்துணி மை கொட்டியதுபோல ஆயிற்று.  கோட்டை வாசலில் இதே வெள்ளை நிறத்து மனிதர்கள் முன்னால் நைனா குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த நிறத்துத் தலை ஒன்று அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்தது. பாதிரியார் அந்தப் பாதத்தில் முத்தமிட்டார். நைனா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்தது. தட்டில் தண்ணீர் ஏரியைப் போலவே கறுத்துக் கிடந்தது. சொம்போடு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். யாரும் முன்னால் வரவில்லை. "இத ஊத்திட்டு வேற தண்ணி மந்திரிச்சு வாங்கித் தர்றேன்" என்றார் உபதேசியார். ஒல்லாந்து வீட்டுப் படியில் ஓர் எறும்பளவு கறையைக்கூட விடாத அம்மா, சொம்பை நீட்டினாள்.

"இதையே ஊத்துங்க."

அவளுக்குப் பின்னால் இன்னொரு தீவுக்காரி வந்தாள். பிறகு ஒரு தரகர் மனைவி.

சொம்பு எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை முழுவதும் அதை யாரும் தொடவில்லை. சனிக்கிழமை எட்டிப் பார்த்தேன். சேறெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. இனி வழக்கம்போலத் தெளிக்கலாம் என்று எனக்கு நிம்மதி. ஈஸ்டருக்கு வீடு மெழுக அம்மா மண் குழைத்துக்கொண்டிருந்தாள். சொம்பை ஆடாமல் எடுத்துவந்து, தெளிந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் சாய்த்துவிட்டாள். அடியில் இருந்த சேற்றை விரலால் சுரண்டி, ஒரு பொட்டு விடாமல் மெழுகு மண்ணில் சேர்த்துக் குழைத்து, அடுப்பங்கரையிலிருந்து வாசல்வரை மெழுகினாள்.

தெளிந்ததைக் கொட்டிச் சேற்றை வைத்துக்கொண்டாளே, சுத்தம் செய்யும் வேலையில் அம்மாவுக்குக் கை தவறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.