அக்காவுக்குச் சாப்பாடு

ரம்ஜான் பெருநாளன்றும் அஃப்சருன்னிசா பிரியாணியில் கை வைப்பதற்கு முன்னால் அடையாறுக்குப் போய் அக்காவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வருவார். நோன்பு மாதத்திலும் அப்படித்தான். "நான்தான் சார் நோம்பு, அக்காவுக்கு இன்னா? அவங்களுக்கு வேளைக்குப் போட்டாவணும்" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்குவார். ஆழ்வார்பேட்டையில் எனக்கு மேல்வீட்டுக்கு அவர் குடிவந்த புதிதில், உடம்பு முடியாத தமக்கையை எங்கோ வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்து நான் உருகியிருக்கிறேன். ஒருமுறை ஆப்பிள்கூட வாங்கிக் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

அக்கா என்பது அடையாறு ஆய்வுக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டி வளரும் புற்றுநோய்ச் செல்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவற்றுக்குச் சாப்பாடு, ரோஸ் மில்க்கில் நிறைய தண்ணீர் விட்டதுபோன்ற ஒரு திரவம். அஃப்சருன்னிசா புரத ஆராய்ச்சியாளர். வயது ஐம்பதை நெருங்குகிறது. பேசும்போது பிறந்து வளர்ந்த ராயப்பேட்டை வாயில் வந்துவிடும். படிப்பு அதை ஒன்றும் செய்யவில்லை.

"கட்டி ஒரே எடத்துல இருந்தா டாக்டர் வெட்டிப் போட்ருவாரு சார். அது வேற எடத்துக்குப் போய் குடித்தனம் பண்ணுது பாருங்க, அங்கதான் மனுசன் காலி" என்பார். கட்டியிலிருந்து கழன்ற செல் ரத்தத்தோடு போகிறது. வழியில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. ஏதோ ஒன்று நுரையீரலைப் பிடித்துக்கொள்கிறது. எதை வைத்துப் பிடிக்கிறது? செல்லின் மேல்தோலில் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தை வைத்து என்பது அவருடைய கட்சி. கொக்கியை மூடிவிட்டால் செல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை நிரூபிக்கத்தான் அவருடைய நாற்பதுகள் முழுவதும் செலவாயின.

செல்களுக்குச் சொந்தக்காரர் சைதாப்பேட்டையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். மார்பில் கட்டி. பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால்தான் அக்கா. ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்கப் போனபோது, "கத்திரிச்சுப் போட்ட துண்டுத்துணிதானே கண்ணு, எடுத்துக்கோ. யாருக்காச்சும் ஆவும்னா சரி" என்றாராம். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர்கள் பேசியது அந்த ஒருமுறைதான். அஃப்சருன்னிசாவோ அதன்பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறக்கும்போது "இன்னா அக்கா, தூக்கமா" என்பாராம். வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் எங்கேயாவது பேசித்தான் ஆகவேண்டும்.

தங்கை உம்மே ஹானி பாலவாக்கத்தில் இருக்கிறார். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, இவருக்கென்று தனி அறை. நாலு நாள் தங்கக் கூப்பிட்டால், "அக்கா பட்டினி கெடப்பாங்க" என்று சாயங்காலமே திரும்பிவிடுவார். பசி அக்காவுக்கா, இல்லை இது ஒரு சாக்கா என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். "அங்க எல்லாரும் ஜோடி ஜோடியா கீறாங்க சார்" என்றார்.

சென்ற மாதம் இடி விழுந்தது. கட்டுரையை வெளியிட இருந்த இதழ், செல்கள் யாருடையவை என்று பரிசோதித்துக் காட்டச் சொன்னது. வழக்கமான சடங்கு. பரிசோதனையில், ஃபிளாஸ்க்கில் இருப்பது அக்கா இல்லை என்று வந்தது. என்றோ இறந்துபோன ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் செல்கள். உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம், இவருடையதிலும், வளர்பவை, அசுர வேகத்தில் பெருகுபவை. இரண்டு வகைச் செல்களுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து திரவம் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு சொட்டு மாறினால் போதுமாம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. எப்போது நடந்தது என்று தெரியவில்லை. "என் கையாத்தான் இருக்கும்" என்றார் அஃப்சருன்னிசா. வேறு யார்மீதும் பழி போடவில்லை. "இத்தினி நாளா யாருக்கோ சார் சோறு போட்டுக்கினு இருந்திருக்கேன்."

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ஆரம்ப நாளில் திரவ நைட்ரஜனில் உறையவைத்த ஒரு குழாய். அதில் இருப்பது அசல் அக்கா. பிழைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யலாம். பிழைக்காவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை, அந்தத் தையல்காரம்மாவின் உடம்பில் உயிரோடு மிஞ்சியதும் உலகத்தில் இல்லை. சனிக்கிழமை மாலை அதை உருக்கி, புது ஃபிளாஸ்க்கில் ஊற்றி, இன்குபேட்டரில் வைத்துவிட்டு வந்தார். உயிருள்ள செல் விடிவதற்குள் ஃபிளாஸ்க்கின் அடியைப் பிடித்துக்கொள்ளும். செத்தது மிதக்கும்.

ஞாயிறு காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். "கூட வர்றீங்களா சார்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் யாரையும் எங்கும் கூட வரச் சொல்லி நான் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் அடையாறு பாலம் தாண்டிப் போனோம்.

ஆய்வுக்கூடத்தில் வேறு ஒருவரும் இல்லை. வெள்ளைக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஃபிளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உருண்டை உருண்டையாகப் பளபளக்கும் புள்ளிகள், பாயசத்தில் ஜவ்வரிசிபோல. பார்க்க அழகாகவே இருந்தன. அவர் ஃபிளாஸ்க்கை லேசாக அசைத்தார். எல்லாப் புள்ளிகளும் கூடவே அசைந்தன.

"ஒண்ணாச்சும் புடிச்சுக்கினு இருக்கும்னு பார்த்தேன்" என்றார்.

அவர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டுக்குள்ளிருந்து துப்பட்டாவின் முனையை இழுத்து, சாவு வீட்டில் செய்வதுபோல, தலையில் போட்டுக்கொண்டார்.