முந்தானையில் முடிந்த துரும்பு

பெரியம்மா நீதிமன்றத்துக்கு ஒரு துரும்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பெரியப்பா நெய்துகொடுத்த பட்டுச்சேலை அது. முதல் கல்யாணத்தை எப்படித் தீர்த்துக்கொண்டாய் என்று நீதிபதி கேட்டால் கிள்ளிக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அப்பாவி.

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுக்கார உறவுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒத்துவராத கணவனும் மனைவியும் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவு தீர்ந்தது. வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். பெரியம்மா அப்படித் தீர்த்துக்கொண்டுதான் பெரியப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் இறந்ததும் அவருடைய தம்பிகள், முதல் கல்யாணத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை, இவள் மனைவியே இல்லை, வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள்.

“வழக்கம்னு இருந்தா சட்டமும் ஒத்துக்கும்மா. ஆனா அப்படித் தீர்த்துக்கினவங்க இன்னும் யாராவது வந்து சொல்லணும்” என்றார் எங்கள் வக்கீல்.

தெருவுக்கே தெரியும். வந்து சொல்லத்தான் ஆளில்லை. செய்துகொண்டவர்கள் எல்லாரும் அதை மூடி மறைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்திருந்தார்கள். என் அம்மாவும் அப்படித் தீர்த்துக்கொண்டவள். அவளுடைய இரண்டாம் கல்யாணத்தில் பிறந்தவள் நான்.

அக்காவுக்காக அம்மா காலையிலேயே கிளம்பி நின்றாள். என் மகளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. நான் வாசலை மறித்தேன்.

“போவாதம்மா. சம்பந்தி வீட்ல கேட்டா நான் என்னா சொல்லுவேன்?”

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மட்டும் போனேன்.

“உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படித் தீர்த்துக்கினாங்களா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். பெரியம்மா பெஞ்சில் இருந்த என்னை ஒருமுறை பார்த்தாள்.

“இல்லீங்க. நான் ஒருத்திதான்.”

வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. பெரியம்மா ஓர் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனாள். பார்க்கப் போகும்போதெல்லாம், “பொண்ணு நல்லா இருக்குதாம்மா?” என்று மட்டும் கேட்பாள்.

போன மாதம் அவளும் போய்விட்டாள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பெட்டியை ஒழிக்கும்போது அந்தப் பட்டுச்சேலை கிடைத்தது. நீதிமன்றத்துக்குப் பிறகு அவள் அதை உடுத்தவேயில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். துரும்பு முழுசாக இருந்தது. யாரும் அவளிடம் கிள்ளிக் காட்டச் சொல்லவேயில்லை.

என் அம்மாவும் துரும்பு கிள்ளியவள்தான், பெரியம்மா. அன்றைக்கு இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.