நகாவ் வீட்டுத் தாய்மாமன்

கல்லறைத் திருநாளன்று நகாவ் அழுது முடித்த வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். காலைப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் போய், கொலாஸ் சாமியாரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பாக்கு, சுண்ணாம்பு தடவிய வெற்றிலை, ஒரு சிகரெட் எல்லாம் வைத்தாள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, வலையை எடுங்கடா" என்றாள்.

தைவானின் எங்கள் கிழக்குக் கரையில் எந்தத் துக்கமும் அப்படித்தான் முடியும். ஆற்றில் இறங்கி மீன் பிடித்து, கரையிலேயே சமைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தின்ன வேண்டும். தின்ற பிறகு யாராவது அழுதால் செத்தவருக்கே கோபம் வந்துவிடும்.

அன்றைக்கு அவள் அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தெற்கே நகரத்து மடத்திலிருந்து மைன்ராட் சாமியார் வந்திருந்தார். கொலாஸ் சாமியாரின் சபைக்குத் தலைவர். அங்கே தொழிற்பள்ளிப் பட்டறையில் ஆயுசெல்லாம் பையன்களை மேய்த்தவர், முடி நரைத்தும் முதுகு வளையாதவர். கொலாஸை இங்கிருந்து எடுத்து, மடத்துத் தோட்டத்தில் மற்றச் சாமியார்களோடு அடக்கம் செய்யப்போவதாக முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். கோயில் பங்கு மக்கள், "பெரியவங்க முடிவு" என்று தலையாட்டிவிட்டார்கள். நகாவ் மட்டும், "எங்க அண்ணனைத் தூக்கிட்டுப் போக இவரு யாரு?" என்று அந்த வாரம் பூராவும் பாத்திரங்களை உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் என்று அவள் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை.

நகாவின் அம்மா ஓசாய்க்குப் பிறந்ததெல்லாம் பெண்கள். ஓசாயின் ஒரே தம்பி ஆழ்கடல் கப்பலில் போனவர், திரும்பி வரவில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் வந்து ஒண்டிக்கொள்வான். ஆனால் வீட்டு விஷயத்தில் கடைசி வார்த்தை தாய்மாமனுடையது. கல்யாணமோ சாவோ சண்டையோ, அவர் வந்து நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் திட்ட வேண்டும். திட்ட ஆளில்லாத வீட்டை ஊரில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஓசாய் வீடு அப்படித்தான் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர், ஊர்ஸ் என்று பெயர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இளம் சாமியார். வந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் விழுந்தார். ஓசாய் அவரைத் தன் வீட்டில் கிடத்திக் கஞ்சி ஊட்டினாள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் கொலாஸ் என்று பெயர் வைத்து, "உன் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நான்தான் உனக்கு அம்மா. சரியா?" என்றாள். கிழவி ஏதோ பிரியமாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவரும், "சரிம்மா" என்று சொல்லிவிட்டார். எதற்குச் சரி சொன்னோம் என்று அவருக்கு விளங்க, நகாவுக்குக் கல்யாணமாக வேண்டியிருந்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாமியார் பங்களா வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, உங்க மச்சான் குடிச்சுட்டு வீட்டுப்பக்கமே வர்றதில்ல. வந்து என்னான்னு கேளுங்க."

அவர் வேதப் புத்தகத்தைத் திறந்து பொறுமையைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தார்.

"இதை ஞாயித்துக்கிழமை கேட்டுக்கிறேன். இப்ப வந்து திட்டுங்க."

"எனக்கு உங்க பாஷைல திட்டத் தெரியாதேம்மா!"

"நடங்க, போற வழியில சொல்லித் தர்றேன்."

சொல்லிக் கொடுத்தாள். அவர் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து திட்டினார். பாதியில் வார்த்தை மறந்து திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து அவள் மெல்ல எடுத்துக் கொடுத்தாள். மச்சான் சிரித்துச் சிரித்துப் போதை தெளிந்தான்.

அப்புறம் அந்த வித்தையில் அவரை அடிக்க ஆளில்லை. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், பூசையில், ஒருவரை ஒருவர் மன்னித்து வாழுங்கள் என்று உருகுவார். அங்கியைக் கழற்றிவிட்டு விருந்துக்கு வந்ததும் தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து, "டேய், எங்க பொண்ணு கண்ணு கலங்குச்சு, உன் காலை ஒடைச்சிருவேன்" என்பார். மாப்பிள்ளைகள் பிரசங்கத்தை மறந்தார்கள், இதை மறக்கவில்லை. உப்பில் ஊறிய பச்சைப் பன்றிக் கறியைக் கண் சிமிட்டாமல் தின்பார். செத்தவர்களைக் குளிப்பாட்டுவார். ஓசாய் செத்தபோது மூத்த மகனாக முன்னால் நடந்தார், பூசை வைக்க வேறு சாமியாரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அவரும் போய்ச் சேர்ந்த பிறகு நகாவின் வீட்டில் திட்ட ஆளில்லை. அதற்குள் அவளுடைய மகன்கள் லெகலும் தஃபோங்கும் மிதவைப் படகின் ஒரு மோட்டாருக்காக முகம் பார்க்காமல் திரிந்தார்கள். நகாவ் திட்டிப் பார்த்தாள். அம்மா திட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

ஆற்றங்கரையில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. பிரம்புக் குருத்தும் கசப்புக் கீரையும் போட்ட சாறு. நகாவ் மைன்ராட் சாமியாருக்கு ஒட்டரிசிச் சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். அவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. மடத்துல நாங்க கொஞ்சம் கிழவங்கதான் மிச்சம். எங்க ஆளுங்க இப்படி மூலைக்கு ஒருத்தரா கிடந்தா, எங்களுக்கப்புறம் யாரு நினைப்பாங்க? ஒரே இடத்துல இருந்தா ஒரு மெழுகுவர்த்தியாவது எரியும்."

நகாவ் அவரைச் சண்டைக்கு வந்தவர் என்று நினைத்திருந்தாள். இவர் பயந்து போய் வந்திருக்கிறார். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மீன் தின்ன ஆரம்பித்தாயிற்று, இனி அழவும் முடியாது.

"சாமி, அவரு எங்க வீட்டுத் தாய்மாமன். எங்க நினைப்புல இல்லாம எங்க போவாரு?"

"சொந்தக்காரங்க வேண்டாம்னு சொன்னா எடுக்க மாட்டோம்மா. ஆனா எங்க கணக்குல அவருக்கு இங்க சொந்தம்னு யாரும் இல்லையே."

"அப்படியா?" என்றாள் நகாவ். சட்டியைக் கிளறினாள். பிறகு ஒன்றும் அறியாதவள் போல, "லெகலு, அந்த மோட்டாரை ரிப்பேர் பண்ணியாச்சாடா?" என்று கேட்டாள்.

ஊரே கிண்ணத்தைக் கீழே வைத்தது.

"அதை ஏன் என்கிட்ட கேக்குற? ஒடைச்சவன் அந்தா உக்காந்திருக்கான்!"

"யாரு ஒடைச்சா? எண்ணெய் ஊத்தத் தெரியாதவனெல்லாம் மீன் பிடிக்கப் போனா அப்படித்தான்!"

"படகுதான்டா உன்னுது, மோட்டாரை மாமா எனக்குத்தான் குடுத்தாரு!"

"உனக்கா? உனக்கு உதைதான் குடுத்தாரு!"

இருவரும் எழுந்துவிட்டார்கள். சாறு கொட்டியது. யாரோ விசிலடித்தார்கள். மைன்ராட் சாமியார் கையை உயர்த்தி, "பிள்ளைகளா, பிள்ளைகளா" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. லெகல் துடுப்பை எடுத்தான். அப்போதுதான் அந்த நிமிர்ந்த முதுகு எழுந்து நின்றது.

"உக்காருங்கடா ரெண்டு பேரும்!"

ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. "எண்ணெய் போடலன்னா மோட்டார் ஓடுமாடா? மோட்டார் இல்லாத படகும் படகு இல்லாத மோட்டாரும் வச்சுக்கிட்டு ரெண்டு கழுதைங்க கரையில நிக்குதுங்க! செத்த மனுசன் குடுத்த சாமானை வச்சு அவரு திருநாள்லயே அடிச்சுக்கிறீங்களே, வெக்கமா இல்ல? நாளைக்கு ரெண்டு பேரும் அதைத் தூக்கிக்கிட்டு என் பட்டறைக்கு வர்றீங்க. ஒருத்தன் மட்டும் வந்தா தோலை உரிச்சிருவேன்!"

லெகல் துடுப்பைக் கீழே போட்டான். தஃபோங் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி மாமா" என்றான்.

வாய் தவறி வந்ததுதான். ஆனால் வந்துவிட்டது. கரையெல்லாம் சிரிப்பு கிளம்பியது, கிழவிகள் கைதட்டினார்கள்.

நகாவ் சட்டியிலிருந்து பெரிய மீனின் தலையை எடுத்தாள். அந்த வீட்டில் அது தாய்மாமன் பங்கு, கொலாஸ் போன பிறகு பூனைதான் தின்றுகொண்டிருந்தது. அதை மைன்ராட் சாமியாரின் கிண்ணத்தில் வைத்து, அரிசிக் கள்ளையும் ஊற்றினாள்.

"கொலாஸ் அண்ணன் உங்க சபையில உங்களுக்குச் சகோதரர்தானே?"

"ஆமா."

"அப்ப நீங்க எனக்கு அண்ணன். வீட்டு விஷயத்துல கடைசி வார்த்தை உங்களோடது. சொல்லுங்கண்ணே, எங்க அண்ணனை எடுத்துட்டுப் போகலாமா?"

மைன்ராட் சாமியார் மீன் தலையைப் பார்த்தார். வலையில் விழுந்தது யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது அழுகையா என்று யாரும் கேட்கவில்லை.

"வீட்டுத் தாய்மாமனை வீட்டை விட்டு வெளியே அனுப்புறதாவது! இங்கேயே இருக்கட்டும்" என்றார். கள்ளை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மேட்டில் தெரிந்த கோயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவன் பக்கத்துல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா, தங்கச்சி?"

"தாராளமா இருக்கு. ஆனா அவசரப்படாதீங்கண்ணே" என்றாள் நகாவ். "கிறிஸ்துமஸ் கழிஞ்சு பேத்திக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். மாப்பிள்ளையைத் திட்ட நீங்க வரணும்."