இல்லாத கண்ணில் வலி

பட்டறையில் அவருக்கு ஒத்தக்கண்ணார் என்றுதான் பெயர். கோபமெல்லாம் கிடையாது. டீக்கடையில் கை கழுவ எழுந்தால், கண்ணாடிக் கண்ணைக் கழற்றி மேசையில் வைத்து, "இடத்தைப் பாத்துக்கோ" என்று அதற்கு உத்தரவு போட்டுவிட்டுப் போவார். அந்த நாற்காலியில் எவனும் உட்கார்ந்ததில்லை.

எண்ணெய் டிரம் ஒன்றுக்கு வெல்டிங் வைத்தபோது அது வெடித்து, இடது கண் போனது. பக்கத்தில் நின்ற தம்பி ஆளே போனான். கண் இருந்த குழி ஆறிவிட்டது. வலி மட்டும் காலி பண்ணாமல் அங்கேயே குடியிருந்தது. இப்போது நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறி, கையையும் நடுங்க வைத்தது. "இன்னொரு வெல்டு கோணுச்சுன்னா உங்களை வாசல் காவலுக்குத்தான் போடணும்" என்றார் முதலாளி. ஒற்றைக் கண்ணோடு காவல். பட்டறையே சிரித்தது, அவரும் சிரித்தார். சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை.

கண் டாக்டர், "குழியில ஒண்ணும் இல்ல, நரம்பு வலி. மாத்திரையை நிறுத்தாம அக்குபஞ்சரும் பாருங்க" என்று சொல்லிவிட, மனைவி அவரை சைக்கிள் கடை மாடியில் இருந்த ஊசிக்காரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"என்ன தொந்தரவு?"

மனைவி முந்திக்கொண்டாள். "இருக்கிற கண்ணுக்கு வீட்டுக் குழாய் ஒழுகறது தெரியாது. இல்லாத கண்ணு வலிக்குதாம்."

ஊசிக்காரம்மா சிரிக்கவில்லை. "பார்வையெல்லாம் என்னால தர முடியாது. வலி குறையுதான்னு பாப்போம்."

கண் பக்கமே அவள் போகவில்லை. கையிலும் காலிலும் முடி மாதிரி ஊசிகள். ஒவ்வொன்றையும் இறக்கி, லேசாகத் திருகிக்கொண்டே கேட்பாள். "கனமா, மரத்தாப்ல வருதா? நீங்க வந்துடுச்சுன்னு சொல்ற வரைக்கும் திருகுவேன்."

"வந்துடுச்சு" என்பார், ஊசி நுழைந்த சூட்டோடு.

இப்படியே பல வாரம். வலி அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் மனைவி கடைக்கு இறங்கியதும் ஊசிக்காரம்மா கையை எடுத்தாள். "நெசமா வந்தா சதை ஊசியைப் பிடிக்கும். இங்க பிடிக்கவே இல்ல. வெண்ணெய்ல சொருகினாப்ல சுத்துது. வராததை எதுக்கு வந்துடுச்சுங்கறீங்க?"

அவர் கூரையையே பார்த்துக் கிடந்தார். மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

"வலிக்கும்போது அந்தக் கண்ணு பாக்குதும்மா."

"எதை?"

"தம்பியை. ஏதோ கிண்டல் பண்ணக் கூப்பிட்டேன். என்னண்ணேன்னு வெல்டிங் முகமூடியைத் தூக்கிட்டுச் சிரிச்சான். வீட்ல இருக்கிற ஒரே போட்டோவுல முறைச்சிட்டு நிக்கிறான். சிரிச்ச மூஞ்சி இங்கதான் இருக்கு." குழியைத் தொட்டுக் காட்டினார். "வலி போனா அவனும் போயிட்டா?"

"சிரிச்சதுக்கு அப்புறம்?"

"வெளிச்சம். ஒரு தடவைகூட முழுசா சிரிச்சு முடிக்கல."

"அப்போ உங்களுக்கு வலிக்கிற ஒவ்வொரு தடவையும் அவரும் வெடிக்கிறாரா?"

குழியைத் தொட்டிருந்த கையை அவர் மெல்ல இறக்கினார்.

"வேணாம்னா ஊசியை எடுத்துடறேன்" என்றாள். "அவர் இருப்பாரா போவாரான்னு எனக்குத் தெரியாது. வீட்ல நான் சொல்லிக்கிறேன்."

ஊசி இருந்த கையை அவள் பக்கம் நகர்த்தி, "திருகுங்க" என்றார்.

இந்த முறை அவர் அவசரப்படவில்லை. ஈரச் சாக்கை மேலே போட்டாற்போல ஒரு கனம் கையில் இறங்கி, முழங்கை வரை ஊர்ந்தது. "வந்துடுச்சு" என்றார், குரலே எழாமல். சதை ஊசியைக் கவ்விப் பிடித்தது.

இல்லாத கண்ணில் பட்டறை தெரிந்தது. டிரம் பக்கத்தில் தம்பி, முகமூடி நெற்றிக்கு மேலே. சிரித்தான். வெளிச்சம் வரவில்லை. சிரித்து முடித்தான். அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கையால் முகமூடியை இழுத்து இறக்கினான். அதன் பிறகு அங்கே வெறும் கறுப்புக் கண்ணாடிதான்.

மனைவி பையோடு படியேறி வந்து நின்றாள். கண்ணாடிக் கண்ணுக்குக் கீழேயும் ஈரம்.

"என்னங்க, ரொம்ப வலிக்குதா?"

"இல்ல" என்றார். "முகமூடியைப் போட்டுக்கிட்டான். இப்பவாவது."