பௌர்ணமிக்கு மறுநாள் தண்ணீர்

அந்த நீல வாளியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். காப்பார் என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் கடலோரத் தோட்டம் ஒன்றில் நான் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக இருந்த காலம். கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் மண்கரை, கரையில் ஒரு மதகு. அதைப் பார்த்துக்கொண்ட மதகுக்காரர் எப்போதும் அந்த வாளியோடுதான் திரிவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அரை வாளி இறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் இறால் பிடிக்கிற மனிதர் வேறு என்னவெல்லாம் செய்வார் என்று அன்றே என் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. எனக்குப் பிறவியிலேயே அப்படியொரு புத்தி. மீன்காரர் சிரித்தால்கூட மீனைத் திருப்பிப் பார்ப்பேன்.

மதகின் வேலை எளிது. சாதாரண நாளில் அதன் கதவே கடலைத் தடுத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கி வரும் பெரிய தண்ணீருக்கு மட்டும் மேலே இரண்டு பலகை கூடுதலாகச் செருக வேண்டும். அந்த நாட்களில் அவருக்குத் தோட்டத்துக்குள் வெளிக்காட்டு வேலை எதுவும் கிடையாது, மதகடியிலேயே காவல். இறாலும் அங்கேதான் கூடும். போதாதா எனக்கு?

அந்த மாதப் பௌர்ணமியன்று கடல் பலகையின் பாதி வரை ஏறி இறங்கியது. மறுநாள் காலை நல்ல மழை, வாய்க்கால்கள் நிரம்பிவிட்டன. பலகையை எடுத்தால் மழைத்தண்ணீர் சீக்கிரம் வடியுமே என்றேன். அவர் அசையவில்லை.

"இன்னிக்கும் நாளைக்கும்தான் கிராணியம்மா பெரிசா வரும். பௌர்ணமி அன்னிக்கே வந்து முடிஞ்சிறாது லா."

சட்டைப் பையிலிருந்து கடலேற்ற அட்டவணையை எடுத்து நீட்டினார். போன வருடத்துத் தாளாக இருக்கும் என்று நான் அதை விரித்துக்கூடப் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நான் கைப்பேசியில் படித்தவள். பௌர்ணமியன்று சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். சூரியனும் நிலவும் சேர்ந்து கடலை இழுக்கும். வரிசை கலைந்த பிறகு கடலுக்கு என்ன வேலை? இந்த மனிதருக்கு இன்னும் இரண்டு நாள் இறால் வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். பலகைக் கொட்டகையின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே பலகைகளை உருவி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மாலையில் கிள்ளானுக்கு வீடு திரும்பும் வழியில் நான்கு முறை கைப்பேசி அடித்தது. அவர்தான். இறாலுக்காக அடிக்கிறார் என்று சத்தத்தை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை போனால் செம்பனை இளங்கன்றுகள் நட்ட நிலம் முழுவதும் உப்புத் தண்ணீர். மதகின்மேல் மண்மூட்டைகள் கிடந்தன. தனி ஆளாக அடுக்கியிருக்கிறார், போதவில்லை. அலுவலகத்தில் அந்த அட்டவணையை விரித்துப் பார்த்தேன். இந்த வருடத்துத் தாள்தான். கடல் அந்த இழுப்புக்கு முழுதாக எழ ஒன்றிரண்டு நாள் பிடிக்கும் என்பது அதன் எண்களிலேயே தெரிந்தது.

மேனேஜர் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். "பலகைய யார் எடுத்தது?"

"சாவி கிராணியம்மாகிட்ட இருந்துச்சு சார். அவங்களயே கேளுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது சார்."

மதகுக்காரர் தன் கைப்பேசியைத் திறந்து எனக்கு அடித்த நான்கு அழைப்புகளையும் காட்டினார். சாவியைப் பற்றி விசாரிக்காமலே, தப்பு செய்துவிட்டுப் பயத்தில் அடித்திருப்பாய் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் சிரமம்கூட வைக்கவில்லை. அந்த வாரமே மதகுக்காரருக்கு வேலை போனது.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். கோப்பு ஒன்று காணாமல் போனால், "எனக்குத் தெரியாது அக்கா" என்று யாராவது கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். மற்றவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். எனக்கு முடிவதில்லை. அந்தச் சொல்லை எவ்வளவு இயல்பாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும்.