பழனியப்பன் கடையிலிருந்து வந்த அரிசி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் மாரியம்மன் கோயிலை ஒட்டிய அறையின் பூட்டைத் திறந்தேன். உள்ளே அரிசி இல்லை. வெளியே பதினோரு பேர் பையோடு மழையில் நின்றார்கள். வந்த அரிசியைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வயது ஐம்பத்து மூன்று. நாட்குறிப்பு எழுதாமல் படுத்ததில்லை. பழம் பறிக்கும் காலத்தில் சாக்குகளை எடை போடுவது என் வேலை. எடை கூட்டுவதற்காக அடியில் இலையும் பச்சைக்காயும் வைப்பவர்கள் உண்டு. அதனால் எந்தச் சாக்கு வந்தாலும் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பேன். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தேன்.

ஆடி, ஆவணி மழையில் எஸ்டேட் வேலை நின்றுவிடும். வேலை இல்லாத வீடுகளில் சமையலும் நின்றுவிடும். அதற்காக ஊரில் ஓர் உணவு வங்கி தொடங்கினார்கள். எங்களுக்கு அது ‘அரிசி ரூம்’. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் பங்கை மளிகைக்கடைப் பழனியப்பனிடம் சேர்ப்பார்கள். அவர் புதன்கிழமை மூட்டையாகக் கட்டி அனுப்புவார். சாவி என்னிடம். வெள்ளிக்கிழமை நான் பங்கிட்டுக் கொடுப்பேன்.

எனக்குத் தொடக்கத்திலிருந்தே கடைக்காரர்கள்மேல் நம்பிக்கை இல்லை. அவர்கள் போட்டோ எடுக்கவில்லை. பெயர் எழுதி மாட்டவில்லை. பெயர்கூட வேண்டாம் என்று ஒரு வியாபாரி கொடுப்பாரா? அதுவே என்னை உறுத்தியது.

ஆடி மூன்றாவது புதன். மூட்டைக்குள் கையை விட்டேன். பிடியில் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து வந்தன. இரண்டு துவரம்பருப்பும் இருந்தன. அந்த வாரம் கொடுத்துவிட்டேன். ஆனால் நாட்குறிப்பில் எழுதினேன்: ‘கடையைக் கூட்டி அள்ளிய அரிசி.’ அடுத்த புதனும் அப்படியே வந்தது. மூட்டையோடு கடைக்குப் போனேன்.

“ஏனுங்க ரைட்டரே, காப்பிச் சாக்குன்னு நெனச்சுட்டீங்களா? அடியில பச்சக்காய் கெடச்சுதுங்களா?” என்று பழனியப்பன் சிரித்தார்.

“இது எந்த மூட்டையில இருந்து எடுத்த அரிசிங்க?”

“ஒரு மூட்டையில இருந்து எடுத்ததில்லீங்க.”

“அப்பத் தரையில இருந்து எடுத்ததுங்களா?”

அவர் சிரிப்பு நின்றது. “நல்ல அரிசிங்க. வேணும்னா எடுத்துட்டுப் போங்க. இல்லீன்னா வெச்சுட்டுப் போங்க.”

வைத்துவிட்டு வந்தேன். ‘விளக்கம் தரவில்லை’ என்று எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அறை காலியாக இருந்தது. பத்துப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கடைசியாக நின்றவள் செல்வி. அவள் கணவன் மிளகு பறிக்கும்போது, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, இடுப்பு முறிந்து படுத்திருக்கிறான். மூன்று பிள்ளைகள்.

“ஒரு டம்ளர்கூட இல்லீங்களா சார்?”

“இல்லம்மா.”

“செரிங்க.” பையை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

கோயிலுக்குள் போய் அம்மன் முன் உட்கார்ந்தேன். “தாயே, பசித்தவர்கள் சோற்றில் குற்றம் செய்கிறவன் யார் என்று காட்டு. அந்த மூன்று பிள்ளைகளுக்கு அரிசியும் காட்டு.” வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அழுதேன்.

மறுநாள் காலை செல்விக்குக் கொடுக்க அரிசி வாங்கப் பழனியப்பன் கடைக்குப் போனேன். என் வீட்டுக்கு அரிசி சேலத்திலிருந்து மூட்டையாக வந்துவிடும். அந்தக் கடையில் நான் அரிசி வாங்குவது அதுதான் முதல்முறை. உளவு பார்க்கும் எண்ணமும் இருந்தது. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

செல்வி வந்தாள். முந்தின நாள் மாலை லாட்ஜில் பாத்திரம் கழுவிய கூலியில் ஒரு கிலோ அரிசி கேட்டாள். பழனியப்பன் பையில் கொட்டினார். அவள் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அம்மன் படத்துக்குக் கீழே இருந்த தகர டப்பாவில் போட்டுக் கும்பிட்டாள்.

நான் முன்னால் வந்தேன். “அது எதுக்கம்மா?”

“அம்மனுக்குப் பிடியரிசிங்க சார். ஊட்டுல எடுத்து வெச்சா எங்க பசங்க அம்மனுக்கு முன்னாடி அவுங்களே தின்னு போடறாங்க. அதான் கடையிலயே போட்டறது.”

நான் பழனியப்பனைப் பார்த்தேன். “எல்லாக் கடையிலயும் ஒரு டப்பா இருக்குதுங்க,” என்றார். “வர்றவங்க அவங்கவங்க ஊட்டு அரிசியில ஒரு பிடி கொண்டாந்து போடுவாங்க. அதத்தான் உங்க மூட்டையில கொட்டறோம். மிச்சம் மூட்டை நெறையற வரைக்கும் கடைக்காரங்க நாங்க போடுவோம்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க?”

“சாமிக்கு எடுத்து வெச்சத இன்னார் போட்டாங்கன்னு சொல்லிக் காமிக்கலாமுங்களா? அதுவும் நீங்க தரையில எடுத்ததான்னு கேட்டீங்க. நொம்ப வலிச்சுதுங்க. அப்பறம் பேச வாய் வரலீங்க.”

நான் திருப்பிக் கொடுத்த மூட்டையில் செல்வியின் பிடியும் இருந்திருக்கிறது. அவளைத்தான் வெறும் பையோடு அனுப்பினேன். மூட்டை எங்கே என்று கேட்டேன். “அம்மன் அரிசிய விக்க முடியுங்களா? அங்கயேதான் கெடக்குது,” என்று மூலையைக் காட்டினார். நான் மூன்று நாள் முன்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

அவரிடமும் செல்வியிடமும் மன்னிப்புக் கேட்டேன். “எடுங்க சார், பசங்க காத்துட்டிருக்காங்க,” என்றாள் செல்வி. மூட்டையை நானே தோளில் சுமந்து வந்தேன். பகல் பதினொன்றரைக்கு அறையைத் திறந்து, மற்ற பத்துப் பேருக்கும் சொல்லி அனுப்பினேன். பதினோரு பைகளும் நிறைந்தன. முதல் பை செல்வியுடையது.

இரண்டு கேட்டேன். அம்மன் ஒரே கடையில், ஒரே காலையில் இரண்டையும் காட்டினாள். நாட்குறிப்பில் நான் எதையும் அடிப்பதில்லை. பழைய இரண்டு வரிகளுக்குக் கீழே எழுதினேன்: ‘இரண்டும் தவறு. குற்றம் செய்தவன் இதை எழுதியவன்.’

அம்மனை நம்புகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். யார்மேலாவது சந்தேகம் வந்தால் அதை அவளிடம் சொல்லுங்கள். அவள் கை உங்களையே சுட்டினாலும் பயப்பட வேண்டாம். பசித்த பிள்ளைகளுக்கான வழியையும் அதே கையால் காட்டுவாள்.

இப்போதும் புதன்கிழமை மூட்டை வந்தால் முழங்கை வரை கையை விடுகிறேன். உள்ளே போகும்போது கையில் என் வீட்டு அரிசி ஒரு பிடி இருக்கும். அதை அடியில் விட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுக்கிறேன்.